ஸ்ட்ரெஸ் வேறு, டிப்ரெஷன் வேறு: ‘மன அழுத்தம்’ எது?

நண்பர் ஒருவர் டிப்ரெஷனுக்கு மாத்திரை எடுக்க ஆரம்பித்த வாரம், லீவு கடிதத்தில் காரணம் ‘மன அழுத்தம்’ என்று எழுதினார். மேலாளர் படித்துவிட்டு, “மாசக் கடைசி, எல்லாருக்கும்தான் மன அழுத்தம்” என்றாராம். அவர் எழுதியது டிப்ரெஷன், இவர் படித்தது ஸ்ட்ரெஸ். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

முதலில் ஸ்ட்ரெஸ். லத்தீனில் ‘ஸ்ட்ரிங்கெரே’ என்றால் இறுக்கு, இழுத்துக் கட்டு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது துன்பம், இக்கட்டு என்ற பொருளில் இருந்தது; அப்புறம் இன்ஜினியர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிளஸ் ஒன் இயற்பியலில் படித்திருப்பீர்கள்: கம்பியை இழுத்தால் உள்ளே எழும் எதிர்ப்பு விசையைப் பரப்பால் வகுத்தால் தகைவு (ஸ்ட்ரெஸ்), கம்பி தன் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பது திரிபு (ஸ்ட்ரெயின்). தகை என்றால் தடு, கட்டு. அருமையான சொல், ஆனால் அந்தப் பாடத்தோடு நின்றுவிட்டது.

உடலுக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவந்து பரப்பியவர் ஹான்ஸ் செல்யே. 1907இல் வியன்னாவில் பிறந்தவர், ஆராய்ச்சி செய்தது கனடாவில், மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில். எலிகளுக்குச் சினைப்பைச் சாற்றை ஊசி போட்டுவிட்டு அறுத்துப் பார்த்தார்: சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி வீங்கியிருக்கிறது, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருக்கிறது, இரைப்பையில் புண். புது ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று குதித்தார். சரி, சும்மா ஃபார்மலின் போட்டுப் பார்ப்போம் என்று போட்டால் அதே மூன்றும். குளிரில் விட்டாலும், ஓட ஓட விரட்டினாலும் அதே! அப்படியானால் இது எந்த மருந்தின் வேலையும் அல்ல, எந்த இக்கட்டு வந்தாலும் உடல் தருகிற ஒரே மாதிரியான பதில் என்று 1936இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். வேடிக்கை என்னவென்றால் அதில் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லே கிடையாது. பின்னாளில் அவரே, ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் வேறு சொல்லைப் போட்டிருப்பேன் என்றார். அவர் சொன்ன அந்த வேறு சொல் ‘ஸ்ட்ரெயின்’, நம் பாடப்புத்தகத் தமிழில் திரிபு! (எல்லா அல்சருக்கும் இதைக் காரணம் காட்டாதீர்கள். பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும்தான் காரணம்.)

டிப்ரெஷனின் லத்தீன் வேர் ‘டெப்ரிமெரே’, கீழே அமுக்கு. ஆக வேரைப் பார்த்து மொழிபெயர்த்தால் ‘மன அழுத்தம்’ டிப்ரெஷனுக்கே பொருந்தும், அப்படி எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் காதில் அழுத்தம் என்றால் வெளியிலிருந்து யாரோ அழுத்துவது. கையை எடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். டிப்ரெஷன் அப்படி இல்லை. வேலை பளு போன பிறகும், ஏன், எந்தப் பளுவும் இல்லாமலும் இருக்கும்.

இரண்டுக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அட்ரீனலில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் இரண்டிலும் தலைகாட்டுகிறது. 1968இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் புரூஸ் மெக்கியூவன், எலிகளில் இந்த வகை ஹார்மோன் நேரே மூளையின் ஹிப்போகேம்பஸில் போய் ஒட்டுவதைக் காட்டினார். நினைவுக்கு முக்கியமான பகுதி அது. நெடுநாள் இக்கட்டில் வைத்த எலிகளுக்கு அங்கே நரம்புச் செல்களின் கிளைகள் குறுகிப்போவதையும் பின்னர் அவர் குழு கண்டது. கட்டி காரணமாகக் கார்டிசால் மிகுந்துபோகும் குஷிங் நோயாளிகள் பலருக்கு டிப்ரெஷன் வருகிறது. அதே சமயம் டிப்ரெஷன் உள்ள எல்லோருக்கும் கார்டிசால் கூடியிருப்பதில்லை. ஒன்று மற்றதற்கு வழிவிடலாம், அவ்வளவுதான்.

சொல்லுக்கு வருவோம். ‘மன உளைச்சல்’ நல்ல சொல். நாள் முழுக்க நின்றுவிட்டுப் படுத்தால் தூங்க விடாத கால் உளைச்சல் இருக்கிறதே, அதே உளைச்சல். ஆனால் அது நாம் உணரும் வேதனை. எலியின் அட்ரீனல் வீங்கியதை உளைச்சல் என்று எப்படிச் சொல்வது? யாழ்ப்பாணத்து உளமருத்துவ எழுத்துகளில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு ‘நெருக்கீடு’ என்று புழங்குகிறார்கள். நெருக்குதலும் இருக்கிறது, இறுக்கு என்ற லத்தீன் வேருக்கும் பக்கம். என் ஓட்டு அதற்கே.

டிப்ரெஷனுக்கு ‘மனச்சோர்வு’ ஏற்கெனவே இருக்கிறது. ஒரே சிக்கல், சோர்வு என்றால் ஒரு டீ குடித்தால் போய்விடும் என்று நினைக்கிற ஊர் இது. நண்பர் அடுத்த கடிதத்தில் ‘மனச்சோர்வு நோய்’ என்று நோயையும் சேர்த்தே எழுதினார். மேலாளர் இந்த முறை உட்காரச் சொல்லி, என்ன மாத்திரை என்று கேட்டாராம்.