ஒரு விரலுக்கு நொடிக்கு மூன்று மீட்டுகூட இல்லை: கிளாசிக்கல் கிட்டார் ட்ரெமோலோவின் சூட்சுமம்

கிட்டாரில் ஒரு கம்பியை மீட்டிவிட்டோம் என்றால் அதோடு நம் வேலை முடிந்தது, அந்த ஸ்வரத்தை அதற்கப்புறம் வளர்க்கவோ நீட்டவோ வழி கிடையாது. வயலின்காரருக்கு வில் இருக்கிறது, நாதஸ்வரக்காரருக்கு மூச்சு இருக்கிறது. கிட்டார்காரரின் ஒலியோ விரல் கம்பியை விட்ட கணத்திலிருந்தே தேய்ந்துகொண்டு போகிறது, அதிலும் கிளாசிக்கல் கிட்டாரின் நைலான் கம்பி எஃகுக் கம்பியைவிடச் சீக்கிரம் அடங்கிவிடும். அப்படியிருந்தும் பிரான்சிஸ்கோ தாரெகா என்ற ஸ்பெயின்காரர் (1852–1909) கிரனாடா நகரத்து அரண்மனையை நினைத்து எழுதிய ‘ரெகுவெர்தோஸ் தே லா அல்ஹாம்ப்ரா’வை முதல்முறை கேட்கிறவர்கள், மேலே ஒரு மெட்டு அறுபடாமல் இழைந்துகொண்டே போவதையும் கீழே வேறொரு கை நிதானமாகத் துணைக்கு வாசிப்பதையும் கேட்டுவிட்டு, இரண்டு கிட்டார் என்றுதான் நினைப்பார்கள். இருப்பது ஒரே ஆள், ஒரே கிட்டார், வலது கையின் நான்கு விரல்கள். இந்த உத்திதான் ட்ரெமோலோ.

கட்டைவிரல் ஒரு தடித்த கம்பியை மீட்டும். உடனே மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் வரிசையாக ஒரே மெல்லிய கம்பியை மீட்டும். திரும்பவும் கட்டைவிரல். அவ்வளவுதான், இதையே விடாமல் செய்துகொண்டிருக்க வேண்டும்.

இதைக் கற்க ஆசைப்படுகிற அநேகமாக எல்லோரும் இதற்கு அசாத்தியமான விரல் வேகம் வேண்டும் என்று நினைத்து மிரள்கிறார்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். அல்ஹாம்ப்ரா மூன்று தட்டுத் தாளத்தில் போகிறது, ஒரு தட்டுக்கு எட்டு மீட்டு. மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டிக்கொடுக்கும் கருவி) நிமிடத்துக்கு 80 தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 640 மீட்டு, அதாவது நொடிக்குப் பத்தரைக்குக் கொஞ்சம் மேல். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நான்கு விரல்களுக்கும் சேர்த்து. தனியாக ஒரு விரலை எடுத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 160, நொடிக்கு இரண்டரை சொச்சம். இந்த வேகத்தில் மேஜையில் ஒற்றை விரலால் தட்டச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைகூடத் தட்டிவிடும். ஆகவே வேகம் போதவில்லை என்று புலம்புகிறவரின் சிக்கல் பெரும்பாலும் வேகத்தில் இல்லை, நான்கு விரல்களும் ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் விழுவதில் இருக்கிறது.

அதே கணக்கில் அடுத்தடுத்த இரண்டு மீட்டுக்கு நடுவே சுமார் 94 மில்லிநொடி. ஆனால் மெட்டு போகிற கம்பியை மட்டும் பாருங்கள்: மூன்று மீட்டு, அப்புறம் கட்டைவிரலின் முறை, அந்த நேரம் இந்தக் கம்பியில் யாரும் கை வைப்பதில்லை. ஆக ஆள்காட்டி விரலுக்கும் அடுத்த மோதிர விரலுக்கும் நடுவே இரட்டிப்பு இடைவெளி, ஏறக்குறைய 188 மில்லிநொடி. மெட்டில் நான்குக்கு ஒன்று வீதம் ஓட்டை இருக்கிறது, ஆனாலும் காதுக்கு அது ஓட்டையாகப் படுவதில்லை, ஏனென்றால் சரியாக அந்த இடத்தில் கட்டைவிரலின் ஸ்வரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காது ஒலியின் தொடக்கங்களைத்தான் கூர்ந்து கவனிக்கும். சம இடைவெளியில் தொடக்கங்கள் வந்துகொண்டே இருந்தால் ஓட்டம் நிற்கவில்லை என்று நம்பிவிடும், கம்பியிலும் முந்தைய மீட்டின் அதிர்வு மிச்சம் இருக்கும். ஆனால் அதே காது இந்த வேகத்தில் பத்து மில்லிநொடிப் பிசகைக்கூடக் கண்டுபிடித்துவிடும். மூன்று விரல்களும் அவசரமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிட்டுக் கட்டைவிரலுக்காகக் காத்து நின்றால் டகடக்-டகடக் என்று குதிரை ஓட்டம்தான் கேட்கும். ஆரம்பக்காரர்களின் ட்ரெமோலோ பத்துக்கு ஒன்பது இப்படித்தான் ஒலிக்கிறது, அதை வாசிக்கிறவருக்கு மட்டும் அது தெரிவதில்லை.

இதில் இன்னொரு விஷயம், சொல்லித்தரும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அதிர்ந்துகொண்டிருக்கிற கம்பியின் மேல் விரல் பட்டதுமே ஒலி செத்துப்போகிறது. மீட்டுவதற்கு முன்னால் விரல் கம்பியைத் தொட்டாக வேண்டும், எனவே ஒவ்வொரு மீட்டுக்கும் முன்னால் ஒரு குட்டி மௌனம் கட்டாயம். அந்த மௌனத்தின் நீளம் நம் கையில்தான் இருக்கிறது. மோதிர விரல் சீக்கிரமே போய்க் கம்பியில் குந்திக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தால், கட்டைவிரல் நேரத்தில் மெட்டுக் கம்பியில் மிச்சமிருந்த அதிர்வையும் அதுவே அணைத்துவிடுகிறது. சரி, அப்படியானால் மெதுவாகப் பழகும்போது விரலை முன்கூட்டியே கம்பியில் வைத்துவிட்டு மீட்டு என்று ஆசிரியர்கள் சொல்கிறார்களே? சொல்வது சரிதான். நகமும் சதையும் சேரும் சரியான இடத்தில் கம்பி மாட்டுகிறதா என்று விரலுக்குப் பழக்கம் ஏற்படுத்த அது தேவை. வேகம் ஏற ஏற அந்தக் காத்திருப்பு தானாகச் சுருங்கித் தொடுவதும் மீட்டுவதும் ஒரே அசைவாகிவிட வேண்டும், சுருங்காமல் அப்படியே தங்கிவிடும்போதுதான் சங்கடம்.

இனி கைக்குள் போய்ப் பார்க்கலாம். விரலுக்குள் அதை மடக்குகிற தசை எதுவும் கிடையாது. மடக்கி நீட்டுகிற பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, நீளமான தசைநாண்கள் வழியாக விரலை இழுக்கின்றன, இன்னும் சில சின்னத் தசைகள் உள்ளங்கையில். கையை மேஜையில் குப்புற வைத்து நடுவிரலை மட்டும் உள்ளே மடித்துக்கொண்டு மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். ஆள்காட்டி விரல் எழும், சுண்டுவிரல் எழும், மோதிர விரல் ஒட்டவைத்ததுபோல் கிடக்கும். ஆள்காட்டிக்கும் சுண்டுவிரலுக்கும் நீட்டுவதற்கென்று தனியாக ஒரு தசை கூடுதலாக உண்டு, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் அது இல்லை, போதாததற்குப் புறங்கையில் இவற்றின் தசைநாண்களைக் குறுக்கே கட்டிப்போடும் இணைப்புகள் வேறு. ட்ரெமோலோவில் மூன்று விரல்களில் வரிசையைத் தொடங்குவது இந்த மோதிர விரல்தான். ஆனால் வரிசை வெளியிலிருந்து உள்ளே போவதில் ஒரு வசதி இருக்கிறது: சலிப்பில் மேஜையில் விரல்களை உருட்டித் தட்டுகிறவர்களைக் கவனியுங்கள், பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து ஆள்காட்டியை நோக்கித்தான் உருட்டுவார்கள். கைக்கு அந்தத் திசை இயல்பாக வருகிறது.

மோதிர விரலைத் தனியே பிரித்தெடுத்துப் பலப்படுத்துகிறேன் என்று ஸ்பிரிங் கருவிகளை வாங்கி அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கம்பியை மீட்டத் தேவைப்படும் விசை சொற்பம், உடற்கூறு கட்டிப்போட்ட இணைப்பைப் பயிற்சி அவிழ்க்கவும் போவதில்லை. விரலுக்குப் பயிற்சி தர ஒரு கருவியைப் பயன்படுத்தியவர்தான் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன், அவருடைய வலது கை விரல் கெட்டு, பியானோ கலைஞராகும் கனவே போய்விட்டது. கருவிதான் காரணமா, அல்லது இன்று ஃபோக்கல் டிஸ்டோனியா என்று அழைக்கிற, மூளை விரலுக்கு அனுப்பும் கட்டளையே குழம்பிப்போகிற கோளாறா என்று இன்னும் வாதாடுகிறார்கள்.

பலத்தைவிட முக்கியம் விடுதலை, அதாவது வேலை முடிந்த தசை உடனே தளர்வது. புதிதாக ஒன்றைப் பழகும்போது மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்வது மனித உடம்பின் சுபாவம். தடுமாற்றத்துக்கு எதிராக மூட்டை உறுதியாக்க நரம்பு மண்டலம் கையாளும் வழி அது. ஆனால் விரல் ஒரு பக்கம் போக நினைக்கும்போது எதிர்ப்பக்கத் தசையும் இழுத்துக்கொண்டிருந்தால் அசைவு மந்தமாகும், முன்கை சூடேறி வலிக்கும். ட்ரெமோலோவில் ஓய்வுக்கு இடம் இருக்கிறது: கட்டைவிரல் மீட்டும் அந்த 94 மில்லிநொடியில் மற்ற மூன்று விரல்களும் தளர்ந்து தொடக்க நிலைக்குத் திரும்பிவிடலாம். நல்ல வாசிப்பாளரின் கையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கட்டைவிரல் உள்ளே போகும்போது மற்றவை லேசாக விரிவது தெரியும்.

சரி, எப்படிப் பழகுவது? மெதுவாக வாசி, மெட்ரோனோமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்பதுதான் எங்கும் கிடைக்கிற அறிவுரை. பாதி உண்மை. நடத்தையின் வரிசை ஒழுங்கைப் பற்றி கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1951-இல் எழுதியபோது, இசைக்கலைஞரின் விரல் நொடிக்குப் பதினாறு அசைவு வரை போகிறது, ஒரு அசைவின் உணர்வு மூளைக்குப் போய் அடுத்த அசைவைக் கிளப்ப அதில் நேரமே இல்லை என்று சுட்டிக்காட்டினார். தொடு உணர்வு மேலே போய், திருத்தம் கீழே இறங்கி, தசை அதைக் கேட்பதற்கு எப்படியும் பத்தில் ஒரு பங்கு நொடி ஓடிவிடும். அதற்குள் அடுத்த விரல் மீட்டி முடித்திருக்கும். எனவே வேகமாக வாசிக்கும்போது நான்கு மீட்டும் சேர்த்து ஒரே பொட்டலமாக முன்கூட்டியே தயாராகித்தான் வெளியே வருகின்றன. மெதுவாக வாசிக்கும்போதோ ஒவ்வொரு மீட்டையும் தனித்தனியாகக் கவனித்து, திருத்தி, அனுப்புகிறோம். இரண்டும் வெவ்வேறு வேலை. மெதுவான பயிற்சி வரிசையையும், தொடும் இடத்தையும், தளர்ச்சியையும் கற்றுத்தரும், பொட்டலம் கட்டக் கற்றுத்தராது.

அதற்கு வேண்டியது குறும் பாய்ச்சல். கட்டைவிரலில் தொடங்கி ஒரு சுற்று முழு வேகத்தில் போய், அடுத்த கட்டைவிரலில் இறங்கி நின்றுவிடுவது, மொத்தம் ஐந்தே மீட்டு. கை தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி. அது சீராக வந்தால் இரண்டு சுற்று, அப்புறம் நான்கு. கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடிப் பழகுகிறவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. அங்கே வேகம் மெல்ல மெல்ல ஏறுவதில்லை, ஒரேயடியாக இரட்டிக்கும், தாளம் மட்டும் அசையாமல் நிற்கும். ட்ரெமோலோவையும் அப்படிப் பழகலாம்: மெட்ரோனோமைத் தொடாமல் தட்டுக்கு நான்கு மீட்டு, உடனே தட்டுக்கு எட்டு, திரும்ப நான்கு.

குதிரை ஓட்டத்துக்கு மருந்து, கட்டைவிரல் உட்பட நான்கு விரல்களையும் ஒரே கம்பியில் மீட்டுவது. சுருதி நான்குக்கும் ஒன்றே என்பதால் பிசகுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை, எந்த விரல் பிந்துகிறது, எது சத்தம் குறைவு என்பது அப்பட்டமாகக் கேட்கும். அழுத்தத்தை ஒருமுறை மோதிர விரலுக்கும் ஒருமுறை நடுவிரலுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பழகுவதும் உதவும். கைபேசியில் பதிவு செய்து பாதி வேகத்தில் போட்டுக் கேளுங்கள். கொஞ்சம் மனம் உடையும், பரவாயில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்தைவிட நாள்தோறும் இரண்டு மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம் என்பேன். 2002-இல் தூக்க ஆராய்ச்சியாளர் மாத்யூ வாக்கர் குழுவினர் விரல்தட்டு வரிசை ஒன்றைப் பழக்கிவிட்டுத் தூங்க அனுப்பினார்கள், மறுநாள் இடையில் எந்தப் பயிற்சியும் இல்லாமலே வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. அதில் எவ்வளவு தூக்கத்தின் வேலை, எவ்வளவு களைப்பு நீங்கியதால் வந்தது என்ற விவாதம் பின்னர் வந்தது. எப்படியோ, களைத்த கையில் இறுக்கத்தைப் பழகுவதைவிடத் தூங்கப் போவது மேல். மூளையே மாறுவதற்கும் சாட்சி உண்டு: தாமஸ் எல்பர்ட் குழு 1995-இல் ஒன்பது தந்தி வாத்தியக்காரர்களை (அவர்களில் ஒருவர் கிட்டார்காரர்) ஆராய்ந்தபோது, இடது கை விரல்களுக்கான மூளைப் பகுதி மற்றவர்களைவிட விரிந்திருந்ததைக் கண்டது, சிறு வயதில் தொடங்கியவர்களிடம் அது இன்னும் அதிகம்.

நகத்தைச் சொல்லாமல் விட்டால் கிட்டார்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சதை அகலமானது, மெத்தென்றது, கம்பியை விடும்போது ஒலிக்குப் பளபளப்புத் தரும் மேல் அதிர்வுகளை விழுங்கிவிடும். நகத்தின் விளிம்பு குறுகலானது, கெட்டியானது, ஒலி பளிச்சென்று வரும், சரிவாக ராவிவிட்டால் கம்பி அதில் சிக்காமல் வழுக்கிப் போகும். மூன்று விரல்களின் நகமும் ஒரே உயரம், ஒரே வழவழப்பு இல்லையென்றால் எவ்வளவு சீராக வாசித்தாலும் மூன்று ஸ்வரமும் மூன்று குரலில் கேட்கும். ஒரு நகம் உடைந்துவிட்டால் பிங்பாங் பந்தை வெட்டி ஒட்டிக்கொண்டு மேடையேறுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். தாரெகாவோ கடைசி வருடங்களில் நகமே இல்லாமல் வாசித்தார். அவர் காலத்து மெல்லிய கம்பிகள் குடல் நாரால் ஆனவை, நைலான் வந்தது 1940-களில்தான்.

ஓரத்தில் இருக்கும் மிக மெல்லிய கம்பியான முதல் கம்பியில் ட்ரெமோலோ படிந்துவிட்டது என்றால் இரண்டாம் கம்பிக்குப் போங்கள், மெட்டு எப்படியும் அங்கே இறங்கத்தான் செய்யும். முதல் கம்பிக்கு அப்பால் வெற்றிடம், விரல் தாறுமாறாக வந்தாலும் எதிலும் இடிக்காது. இரண்டாம் கம்பியிலோ திரும்பி வருகிற விரல் முதல் கம்பியில் இடறும், உள்ளே மடங்குகிற விரல் மூன்றாம் கம்பியில் பட்டுவிடும். அசைவைப் பாதியாகச் சுருக்கினால்தான் பிழைக்க முடியும். அதனால் சில ஆசிரியர்கள் தொடக்கத்திலிருந்தே இரண்டாம், மூன்றாம் கம்பியில்தான் பழக்குகிறார்கள். மாணவர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் முதல் கம்பி அப்புறம் தனியாக உழைக்காமலே வந்துவிடுகிறது.