ஆஃப்ஸ்டெட் சான்றிதழ் மட்டும் இருந்தால் காசு வராது, அக்கா

"ஆஃப்ஸ்டெட் எல்லாம் முடிச்சிட்டேன் தம்பி, காசு ஏன் இன்னும் வரல?" ஒவ்வொரு அக்டோபரிலும் வரும் கேள்விதான். (ஆஃப்ஸ்டெட் என்பது பிள்ளை பார்ப்பவர்களைப் பதிவு செய்து சோதிக்கும் அரசு அமைப்பு; காசு என்பது பிள்ளை பார்ப்பதற்கு அரசு தரும் உதவிப் பணம்.) இந்த முறை கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். இங்கிலாந்தில் வீட்டில் பிள்ளை பார்க்கும் சைல்ட்மைண்டர்களுக்குக் கணக்கும் வரியும் பார்ப்பது என் வேலை. (ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு, அவற்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கடைசியாக வந்த அக்கா சான்றிதழைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். ஒரு வயதுப் பிள்ளை ஒன்றை செப்டம்பரிலிருந்து வாரத்துக்கு 30 மணி நேரம் பார்க்கிறார். தாயிடம் ஒரு பென்ஸ் வாங்கவில்லை, "கவர்மென்ட் தரும்தானே" என்று. கவுன்சிலுக்கு (ஊர் நிர்வாகத்துக்கு) ஒரு ஃபோன்கூடப் போடவில்லை. இலவச மணி நேரத்துக்காகப் பெற்றோர் அரசிடம் எடுக்க வேண்டிய கோடை (எண்ணை) தாயும் எடுத்தது செப்டம்பர் நடுவில்தான். அந்தப் பள்ளித் தவணைக்கு (டேர்முக்கு) எங்கிருந்தும் காசு வராது.

ஆஃப்ஸ்டெட் உங்களைப் பதிவு செய்யும், வந்து பார்க்கும், அவ்வளவுதான். காசு கொடுப்பது அதன் வேலையே இல்லை. பதிவு எண் வந்ததும் அது தானாகக் கவுன்சிலுக்குப் போய், கவுன்சில் உங்கள் வங்கிக்கு அனுப்பும் என்று யார் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை, ஆனால் படித்தவர்கள் உட்பட எல்லோரும் இதையே சொல்கிறார்கள். ஓட்டுநர் உரிமம் கையில் இருப்பதால் யாரும் உங்களுக்கு பெட்ரோல் போட்டுத் தருவதில்லை. ஆஃப்ஸ்டெட்டில் நேரடியாக அல்லாமல் சைல்ட்மைண்டர் ஏஜென்சி வழியாகப் பதிந்தவர்களும் கவுன்சில் வேலையை யார் செய்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள், ஊகிக்காதீர்கள்.

முதலில் இலவச மணி நேரம். 2025 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு 9 மாதத்திலிருந்தே வாரம் 30 மணி நேரம், வருடத்தில் 38 வாரம். இதற்குக் காசு தருவது உங்கள் கவுன்சில். அதன் ஏர்லி இயர்ஸ் (சிறு பிள்ளைகள்) பிரிவோடு நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு தவணையும் பிள்ளைகளின் கணக்கைக் கொடுக்க வேண்டும். பெற்றோர் தரும் 11 இலக்கக் கோடை, பிள்ளையை எடுக்கும் முன்பே கவுன்சில் தளத்தில் சரிபாருங்கள். ஆகஸ்ட் 31, டிசம்பர் 31, மார்ச் 31: இந்தத் தேதிகளுக்குள் கோட் எடுக்காவிட்டால் அடுத்த தவணைக்குக் கிடைக்காது. எடுத்த கோடையும் பெற்றோர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மறக்கிறவர்கள்தான் அதிகம். நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும், வேறு வழியில்லை.

அடுத்தது டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர். பெற்றோர் 8 பவுண்ட் போட்டால் அரசு 2 பவுண்ட் சேர்க்கும், பொதுவாக ஒரு பிள்ளைக்கு வருடம் 2,000 பவுண்ட் வரை. இது வரித்துறையின் தனிக் கணக்கு, நீங்களும் அதில் சேர வேண்டும். பதிவானதும் அவர்கள் அனுப்பும் அழைப்புக் கடிதத்தைக் குப்பைத் தபால் என்று எறிந்தவர்கள் என் கிளையன்ட்களிலேயே இருக்கிறார்கள். 10 இலக்க வரி எண், வங்கி விவரம் எல்லாம் கேட்பார்கள். இங்கே நம் ஆட்களுக்கென்றே ஒரு தலைவலி: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், வங்கியில் பின்னால், ஆஃப்ஸ்டெட்டில் கணவர் பெயர். மூன்றையும் முதலில் ஒன்றாக்குங்கள், பிறகு படிவத்தைத் திறங்கள்.

யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்கும் பெற்றோர் காசைத் தாங்களே கட்டிவிட்டு 85 சதவீதம் வரை திரும்பப் பெறுவார்கள். உங்களிடம் கேட்பது ரசீதும் பதிவு எண்ணும்தான். கொடுங்கள், எழுத்தில். அவர்களால் டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேரையும் சேர்த்து வாங்க முடியாது.

அப்புறம் சொந்தக்காரப் பிள்ளைகள். தங்கை பிள்ளை, பேரப்பிள்ளை, உங்கள் சொந்தப் பிள்ளை: இவர்களுக்கு இலவச மணி நேரப் பணம் உங்களுக்குக் கிடையாது. "பேரை மாத்திப் போடலாமா" என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.

ஸ்கூல் முடிந்து வரும் ஒன்பது வயதுப் பிள்ளைகளையும் பார்ப்பவர்கள் சான்றிதழை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். எட்டு வயதானவர்களுக்கும் அதற்கு மேலும் ஆஃப்ஸ்டெட்டின் தன்னார்வப் பதிவு (கட்டாயமில்லாதது) தனி. அதில் நீங்கள் இல்லையென்றால் அந்தப் பெற்றோரால் டாக்ஸ்-ஃப்ரீ கணக்கிலிருந்து உங்களுக்குக் கட்ட முடியாது.

பதிவே இல்லாமல் கையில் காசு வாங்கிப் பார்ப்பவர்களுக்கு: எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை உங்கள் வீட்டில் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூலிக்குப் பார்த்தால் பதிவு கட்டாயம், இல்லாவிட்டால் குற்றம். 12 மணி நேரப் பிள்ளைகள் முதலுதவிப் பயிற்சி, உங்களுக்கும் வீட்டில் 16 வயது நிறைந்த எல்லோருக்கும் டிபிஎஸ் (குற்றப் பின்னணி) சோதனை (ஆம், மேல்மாடியில் கேம் விளையாடும் மகனுக்கும்தான்), உடல்நலப் படிவம் என்று எல்லாம் சேர்ந்து மாதங்கள் ஓடிவிடும். ஏப்ரலில் தொடங்க நினைக்கிறவர்கள் கிறிஸ்மஸ் வரை காத்திருக்காதீர்கள், இப்போதே படிவத்தைத் திறங்கள்.