கம்பி நடும் முன் மண்ணைப் பாருங்கள்

உடற்பயிற்சிக்கென்று ஊரில் நாலு சென்ட் காலி இடம் கிடைத்தால் பையன்கள் முதலில் கேட்பது, "சிங்கிள் பார் (தொங்கிப் பயிற்சி செய்யும் கம்பி) எத்தனை போடலாம்?" என்பதுதான். நான் அதைக் கடைசிக் கேள்வியாகத்தான் வைப்பேன். ஃபங்ஷனல் ட்ரெயினிங் என்பது நிரம்பிய கேஸ் சிலிண்டரை, ஏறக்குறைய 30 கிலோவை, தோளில் வைத்து மாடி ஏறுகிற உடம்பைப் பழக்குவது. தூக்குவது, குதிப்பது, ஓடுவது, உருள்வது எல்லாமே தரையை நம்பித்தான் நடக்கின்றன.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால், தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 4.4 மீட்டர். கீழே இருப்பது சிமென்ட்டோ மணலோ, இந்த வேகம் ஒன்றுதான். அது எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முழங்காலை நன்றாக மடக்கி உடம்பு 40 செ.மீ. இறங்கினால், சராசரி விசை உங்கள் எடையைப் போல மூன்றரை மடங்கு. அசதியில் காலை விறைத்தபடி சிமென்ட்டில் இறங்கி 5 செ.மீ.க்குள் நின்றால் 21 மடங்கு! அதே தப்பை மணலில் செய்து, பாதம் இன்னும் 10 செ.மீ. புதைந்தால் எட்டு மடங்குக்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் இடம் முழுக்க மணலைக் கொட்டிவிடலாமே? கூடாது. மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப் போல 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது, நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு. பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட கணக்கு இது. ஒவ்வொரு மிதிக்கும் மணல் நகர்ந்து, நாம் கொடுத்த ஆற்றலைத் தின்றுவிடுகிறது. மெரினாவில் காலையில் ஓடுகிறவர்கள் அலை நனைத்த ஓரத்தைத் தேடிப் போவது இதனால்தான். மணல் மணிகளுக்கு இடையே இருக்கும் கொஞ்சம் நீர் அவற்றைப் பிடித்து வைக்கிறது. எடையைத் தோளில் வைத்து பஸ்கி எடுப்பவருக்கும் புதைகிற தரை ஆகாது, கணுக்கால் தள்ளாடும்.

ஆகவே கம்பிக்கு அடியிலும் தாண்டும் இடத்திலும் மட்டும் மணல். மற்ற இடமெல்லாம் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கிய செம்மண். மணல் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கட்டட வேலையில் மிஞ்சிய எம்-சாண்டை யாராவது இலவசமாகத் தருவார்கள், வாங்காதீர்கள். உடைத்த கல் என்பதால் அதன் மணிகள் முனை முனையாக இருக்கும். ஒன்றோடொன்று கோத்து, தூளும் சேர்ந்து, நாளடைவில் இறுகிவிடும். கழுவிச் சலித்த, உருண்டை மணி மணல்தான் விலகிக் கொடுக்கும். குழியின் அடியில் ஜல்லி பரப்பி நீர் வடிய வழி விடாவிட்டால் ஐப்பசி மழைக்கு அது குட்டைதான். இரவில் மேலே ஒரு தார்ப்பாய் போடுங்கள்; தெருப் பூனைகள் மணலை வேறு காரியத்துக்கென்று நினைத்துக்கொள்ளும்.

இப்போது கம்பிக்கு வருவோம். 70 கிலோ ஆள் சும்மா தொங்கினால் கம்பி தாங்க வேண்டியது 70 கிலோ, நேர் கீழாக. அவரே 45 பாகை வரை முன்னும் பின்னும் ஆடினால், அடிப்புள்ளியைக் கடக்கும்போது அது 110 கிலோவாகிறது. அதைவிடப் பொல்லாதது பக்கவாட்டு இழுப்பு. அடிப்புள்ளிக்கும் ஆட்டத்தின் உச்சிக்கும் இடையே சுமார் 40 கிலோ, எட்டடி உயரத்தில், ஏறக்குறைய நொடிக்கொரு முறை திசை மாறுகிறது. தூண்கள் நீண்ட நெம்புகோலாகி அடிமண்ணை இளக்குகின்றன. பூங்காக்களில் கம்பி உடைந்து நான் பார்த்ததே இல்லை; தூண் ஆடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். காசு மிஞ்சினால் கம்பியின் பளபளப்புக்குச் செலவழிக்காமல் அஸ்திவாரக் குழியை ஆழமாகத் தோண்டுங்கள்.

ஓட்டப் பாதையின் முடிவில் சுவர் வேண்டாம். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருபவர் சாதாரணமாக நிற்கவே இன்னொரு 6 மீட்டர் பிடிக்கும்.

வெயிலைச் சமாளிக்க மேற்கே இரண்டு புங்கை மரம் வையுங்கள், மாலைக்கு நிழல் வந்துவிடும். கம்பியைக் கிழக்கு மேற்காக ஓடவிடுங்கள். தொங்குகிறவர் முகம் வடக்கையோ தெற்கையோ பார்த்திருக்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் கண்ணில் அடிக்காது.