கல்யாண ட்ரோன்: லைசென்ஸ் அட்டை மட்டும் போதாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் பிள்ளைகள் கடன் வாங்கி ட்ரோன் பயிற்சிக் கட்டணம் கட்டுகிறார்கள். பைலட் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான், அதை மட்டும் வைத்துக் கூலிக்குப் பறக்கவிட முடியாது என்று தெரிகிறது. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

2015 ஜூலையில் வந்த பகுதி 101 விதிகள், அதாவது இந்நாட்டின் ட்ரோன் விதிகள், பார்ப்பது ஆதாயத்தை. பெட்ரோல் காசு என்று வாங்கினாலும் ஆதாயம்தான். இலவசமாக எடுத்து ஸ்டூடியோ விளம்பரத்தில் போட்டாலும் அப்படியே. ஆதாயம் வந்துவிட்டால் நாலு காகிதம் வேண்டும்: பைலட் லைசென்ஸ், ட்ரோனுக்கு ஒப்புதல் கடிதம், இயக்குநர் சான்றிதழ் (ட்ரோன் சேவை நடத்துபவருக்கானது), விமானச் சேவை உரிமம். முதல் மூன்றும் மிட்ராண்டில் உள்ள சிவில் விமான ஆணையம் தருவது. நாலாவது போக்குவரத்துத் துறையின் உரிமக் குழு தருவது. ஓர் அலுவலகத்தில் கொடுத்ததை இன்னொன்று பார்த்திருக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள், விண்ணப்ப எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இழுத்தடிப்பில் பைலட் லைசென்ஸின் 2 ஆண்டுக் காலம் கரைந்துகொண்டே இருக்கும். இயக்குநர் சான்றிதழையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

தனி ஆளுக்கு இது தாங்காது. பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே, இயக்குநர் சான்றிதழ் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தைப் பிடித்து, அவர்களுடைய பைலட்டாகச் சேர்ப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் ட்ரோனையும் அவர்கள் பட்டியலில் சேர்த்தால்தான் அதைப் பறக்கவிடலாம்.

சொந்த ஆசைக்கு மட்டும் என்றால் இந்தக் காகிதங்கள் வேண்டாம். ஆனால் எடை 7 கிலோவுக்குள், தூரம் உங்களிடமிருந்து 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ட்ரோனைச் சுற்றி 300 மீட்டரில் உள்ள மிக உயரமான மரத்தையோ கட்டடத்தையோ தாண்டி ஏறக் கூடாது. மரமோ கட்டடமோ இல்லாத வெட்ட வெளியில் பலர் மாட்டுவது இந்த விதியில்தான். நில உரிமையாளரின் அனுமதியும் தேவை.

விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. டோங்காட்டும் வெருலமும் கிங் ஷாகா நிலையத்தின் வட்டத்துக்குள், உம்லாங்கா வர்ஜீனியா நிலையத்தின் வட்டத்துக்குள். ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர் தளத்தையும் மறக்க வேண்டாம். ட்ரோன் செயலியின் வரைபடத்தில் தடை காட்டவில்லை என்பது அனுமதி ஆகாது. அது ட்ரோன் நிறுவனம் போட்ட கோடு.

தைப்பூசக் காவடி ஊர்வலத்துக்கு மேலே விடவே விடாதீர்கள். கூட்டத்தின் தலைக்கு மேலும், ஆட்களிடமிருந்தும் பொதுச் சாலையிலிருந்தும் 50 மீட்டருக்குள்ளும் தடை. கோயிலுக்குப் பக்கத்தில் போலீஸ் நிலையமோ நீதிமன்றமோ இருந்தால் அதுவும் தடை. கோயில் கமிட்டி தரும் கடிதம் இவை எதையும் மாற்றாது.