ஏரிக்கரையில் நாம், கூட்டில் நாரை: சரணாலய விதிகளுக்குப் பின்னால் உள்ள அறிவியல்

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் சீசன் நாட்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "இத்தனை பேர் வந்து போகிறோம், ஒரு பறவைகூட எழுந்து பறக்கவில்லையே, பிறகெதற்கு இவ்வளவு கட்டுப்பாடு?" கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கூட்டில் இருக்கும் பறவை எழாமல் இருப்பதற்குப் பயமின்மைதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. எழுந்து போக வழியில்லாததும் காரணமாக இருக்கலாம்.

ஆள் நெருங்கும்போது பறவை எடுத்த எடுப்பில் பறந்துவிடுவதில்லை. முதலில் இறகு கோதுவதை நிறுத்தும், தலையைத் தூக்கும், கழுத்தை நீட்டிப் பார்க்கும். இன்னும் நெருங்கினால்தான் எழும். எத்தனை மீட்டர் தொலைவில் ஆள் வரும்போது பறவை எழுகிறது என்பதை ஆய்வாளர்கள் இனவாரியாக அளக்கிறார்கள். பொதுவாக உடல் பெருத்த பறவைகள் தொலைவிலேயே எழுந்துவிடுகின்றன. 1986-இல் இடன்பெர்க், டில் என்ற இரு சூழலியலாளர்கள் இதற்கு ஒரு கணக்கை முன்வைத்தார்கள். இருந்தால் உயிருக்கு ஆபத்து. பறந்தால் இரை, ஆற்றல், கூடு எல்லாமே இழப்பு. எந்தப் பக்கம் இழப்பு குறைவோ அந்தப் பக்கம் பறவை சாய்கிறது. முட்டையோ குஞ்சோ இருக்கும் பறவைக்குப் பறந்துபோவதன் இழப்பு மிகப் பெரிது. அதனால் கடைசி நொடிவரை அது உட்கார்ந்தே இருக்கும்.

அப்போது அதன் உடலுக்குள் நடப்பது வெளியில் தெரியாது. சிலி நாட்டில் அடைகாக்கும் ஹம்போல்ட் பென்குவின்களின் இதயத் துடிப்பை அளந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று, 150 மீட்டர் தள்ளி ஒருவர் நடந்து போனாலே துடிப்பு கூடுவதைக் காட்டியது. அருகில் சென்றுவிட்டால் அது பழைய நிலைக்கு இறங்க அரை மணி நேரம்வரை ஆனது. வேறு கண்டம், வேறு பறவைதான். ஆனால் வெளியே அமைதியாகத் தெரிவதை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இது போதும்.

வேடந்தாங்கலில் கண் வைக்க வேண்டிய இடம் நண்பகல் வெயிலில் இருக்கும் நத்தைகுத்தி நாரையின் கூடு. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரத்தின் உச்சியில், குச்சிகளை அடுக்கிய மேடையில் குஞ்சுகள் வாய் பிளந்து இளைக்கும். தாயோ தந்தையோ வெயில் வரும் பக்கமாக நின்று இறக்கையைப் பாதி விரித்து நிழல் கொடுக்கும். அலகில் நீர் கொண்டுவந்து குஞ்சுகள்மேல் சொட்டவிடும். இதை நேரில் பார்த்தவருக்கு யாரும் விதியை விளக்கத் தேவையில்லை. முட்டைக்குள் வளரும் கரு ஏறத்தாழ 37 டிகிரியில் செழிக்கும். சற்றுக் குளிர்ந்தால் வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். 40 டிகிரியைத் தாண்டிச் சூடானால் கரு இறந்தே போகலாம். இறகு முளைக்காத குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே கட்டுப்படுத்தத் தெரியாது. நம்முடைய ஒரு கூச்சலுக்குப் பெற்றோர் எழுந்துபோனால் அந்த நிழலும் கூடவே போய்விடுகிறது.

வெயிலோடு தொல்லை முடிவதில்லை. அடுத்த கிளையில் காகம் காத்திருக்கும். கூடு காலியான சில நிமிடங்களே அதற்குப் போதும். நீர்க்காகம், கொக்கு, கூழைக்கடா போன்றவற்றின் குஞ்சுகள் மிரண்டால், சற்றுமுன் விழுங்கிய மீனைக் கக்கிவிடும். பெற்றோர் தொலைவிலிருந்து சுமந்து வந்த ஒரு வேளை உணவு தண்ணீரில் போகும். பறக்கப் பழகாத, ஓரளவு வளர்ந்த குஞ்சுகள் கூட்டைவிட்டுத் தாவி, கிளை நழுவி விழுவதும் உண்டு.

இங்கே கூடு கட்டாமல் குளிர்காலத்தைக் கழிக்க மட்டும் வரும் ஊசிவால் வாத்துக்கு வேறு கவலை. திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்கான கொழுப்பை அது உடலில் சேர்க்க வேண்டும். சிறகடித்து எழுவதற்கு ஓய்வைவிடப் பல மடங்கு ஆற்றல் தேவை. படம் நன்றாக வர வேண்டும் என்று கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர், சேமித்த அந்த எரிபொருளை எரிக்கிறார்.

இனி விதிகளைப் பார்க்கலாம். குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது என்பதற்குக் காரணம் பழக்கம். தினமும் ஒரே தடத்தில் நடந்து போகிறவர்களைப் பறவைகள் ஆபத்தற்றவர்கள் என்று கற்றுக்கொள்கின்றன; அந்தத் தடத்தைவிட்டு இறங்கி நேராகத் தங்களை நோக்கி வருபவரிடம் அந்தப் பாடம் செல்லாது. நாயை ஏன் உள்ளே விடுவதில்லை? ஆஸ்திரேலியாவின் சிட்னி அருகே காட்டுப் பாதைகளில் நாயைக் கயிற்றில் பிடித்தபடி நடத்திச் சென்ற ஆய்வில், அங்கே காணப்பட்ட பறவை இனங்கள் 35 சதவீதமும் பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்தன. கட்டிய நாய்க்கே இந்த நிலை. ட்ரோன் மேலிருந்து செங்குத்தாக இறங்கும்போதுதான் பறவைகள் அதிகம் மிரள்கின்றன. கழுகும் பருந்தும் தாக்குவது அந்தத் திசையிலிருந்துதானே. செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பதும் தவறு: போட்டிக்கு இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நம்பி, இரை தேடுவதை விட்டுவிட்டு அது அலையும்.

கையில் பைனாகுலர் இருந்தால் கிட்டப் போகும் ஆசையே எழாது. அதில் 8x42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் விட்டம் என்று பொருள். 80 மீட்டரில் இருக்கும் நாரை 10 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். என்னைக் கேட்டால், நுழைவாயிலிலேயே இவற்றை வாடகைக்குக் கொடுப்பது பத்து எச்சரிக்கைப் பலகைகளைவிடப் பயன் தரும்.

இந்த ஊர் மக்கள் அறிவியல் கட்டுரை எதுவும் வருவதற்கு முன்பே இதை அறிந்திருந்தார்கள். துப்பாக்கியோடு வந்தவர்களுக்கு எதிராக அவர்கள் முறையிட, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் ஏரிக்குப் பாதுகாப்பு அளித்தார். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்களுடைய அனுபவம். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத வழக்கம் இங்கும் உண்டு, சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியிலும் உண்டு.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதில் கறாராகப் பேசுகிறது. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது மட்டுமல்ல, முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதுகூட அதன் வரையறைப்படி வேட்டைதான். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுவரை சிறை. விலங்குகளைச் சீண்டுவதற்கும் குப்பை போடுவதற்கும் தனியாகத் தடை இருக்கிறது.

கரையில் நிற்கும்போது நாரை அலகால் இறகு கோதிக்கொண்டிருந்தால் நாம் நிற்கும் தொலைவு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். கோதுவதை நிறுத்தி, கழுத்தை நீட்டி, நம் பக்கமே பார்க்கத் தொடங்கினால் பேச்சைக் குறைத்து, திரும்பாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும், அது மறுபடி கோதத் தொடங்கும்வரை.