ஒன்றுமே வைக்காத தராசு ஏன் நகர்கிறது?

சிங்கப்பூர் ஈசூனில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய மாமா மகன் டெக்சாஸில் இருக்கிறார், குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர், தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்கிறார். அங்கே அது சட்டப்படி செய்யக்கூடிய பொழுதுபோக்கு. சிங்கப்பூரில் வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்ய நினைக்கவே வேண்டாம். வெடிமருந்தை அளந்து கொட்ட ஒரு எலக்ட்ரானிக் மெஷின் வைத்திருக்கிறார். குளிர்காலம் முழுக்க ஒழுங்காக இருந்த மெஷின், கோடையில் கராஜ் 40 டிகிரியைத் தொட்டதும், தட்டில் ஒன்றுமே இல்லாதபோதுகூட 0.1, 0.2 என்று தானாக நகர்கிறதாம். மெஷின் பழுதா, சூடு காரணமா என்று கேட்கிறார்.

சூடுதான். ஆனால் அது எந்த வழியாக உள்ளே போகிறது என்பது அழகான விஷயம், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மெஷின் எளியது. மேலே மருந்து நிற்கும் குழல், அடியில் உள்பக்கம் மரை போட்ட ஒரு குழாய். மோட்டார் குழாயைச் சுழற்ற, மருந்து மணி மணியாக நகர்ந்து தட்டில் விழும். தட்டுக்கு அடியில் தராசு. கேட்ட எடை நெருங்கியதும் மோட்டார் மெதுவாகி நின்றுவிடும். எல்லாமே தராசின் சொல்லை நம்பித்தான் நடக்கிறது. அது குறைத்துச் சொன்னால் மருந்து கூடிவிடும், மருந்து கூடினால் துப்பாக்கிக்குள் அழுத்தம் எகிறும், கையோ கண்ணோ போகலாம். அவர்கள் கிரெயின் கணக்கில் அளக்கிறார்கள், 0.1 கிரெயின் என்பது சுமார் 6.5 மில்லிகிராம், இரண்டு மூன்று கடுகின் எடை.

சரி, தராசுக்குள் என்ன இருக்கிறது? ஒரு சின்ன அலுமினியக் கட்டை. எடை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன் மேல் கான்ஸ்டன்டன் என்கிற செம்பு-நிக்கல் கலவையில் செய்த மெல்லிய இழைகள் ஒட்டியிருக்கும். இழை நீண்டால் மின்தடை கூடும், சுருங்கினால் குறையும். இயற்பியலாளர் கெல்வின் 1856-லேயே கவனித்தது இது. 1938-ல் அமெரிக்காவில் சிம்மன்ஸும் ரூஜும் தனித்தனியாக இதை ஒட்டிப் பயன்படுத்தும் கருவியாக்கினார்கள். நான்கு இழைகளை, மின்தடையின் சிறு மாற்றத்தையும் மின்னழுத்தமாகக் காட்டும் வீட்ஸ்டன் பாலம் என்ற சுற்றாக இணைத்து 5 வோல்ட் கொடுத்தால், தராசு தாங்கும் முழு எடையை வைக்கும்போது வெளியே வருவது சுமார் 10 மில்லிவோல்ட். முழு எடை 1,500 கிரெயின், அதை 0.1 கிரெயினாகக் காட்ட வேண்டும் என்றால் 15,000 படிகள். கணக்குப் போட்டால் ஒரு படிக்கு ஒரு மைக்ரோவோல்ட்கூட இல்லை, அதில் மூன்றில் இரண்டு பங்குதான்!

இப்போது அந்த இழையில் இருந்து கிளம்பும் கம்பியைப் பாருங்கள், அது செம்பு. செம்பும் கான்ஸ்டன்டனும் சேருகிற இடம் ஒவ்வொன்றும் ஒரு குட்டி வெப்பமானி. இரண்டு வேறு உலோகங்களின் இணைப்புகள் வெவ்வேறு சூட்டில் இருந்தால் அங்கே மின்னழுத்தம் பிறக்கும் என்று 1821-ல் வெளிச்சத்துக்கு வந்ததே, சீபெக் விளைவு, அதுதான் இது. இந்த ஜோடிக்கு அது டிகிரிக்கு சுமார் 40 மைக்ரோவோல்ட். அப்படியானால் ஒரு இணைப்பு பக்கத்து இணைப்பைவிட ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு சூடாக இருந்தாலே தராசு ஒரு படி நகர்ந்துவிடும். யாரும் எதுவும் வைக்கவில்லை, சூடு வந்து தட்டில் உட்கார்ந்திருக்கிறது, தராசு அதை எடை என்று நினைத்துக்கொள்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

கவனியுங்கள், எல்லா இணைப்பும் ஒரே சூட்டில் இருந்தால் 40 டிகிரியானாலும் அவற்றின் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஒரு பக்கம் மோட்டாரின் சூடு, மறுபக்கம் ஃபேன் காற்று, கதவு வழியாக வெயில் என்று சூடு சமமில்லாமல் மாறிக்கொண்டிருப்பதுதான் தொல்லை. இதற்கு வைத்தியமும் உண்டு. நல்ல தராசுகள் சிலவற்றில் இழைகளுக்குக் கொடுக்கும் மின்சாரத்தின் திசையை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். எடையால் வரும் சிக்னல் திசையோடு சேர்ந்து திரும்பும், சூட்டால் வந்தது திரும்பாது. இரண்டு அளவுகளையும் கழித்தால் சூடு காணாமல் போய்விடும்! விலை குறைந்த தராசுகளில் இதை எதிர்பார்க்க முடியாது.

எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், ரொட்டிக்கு ஈஸ்ட் அளக்கும் தராசில் ஒரு டாலர் நாணயத்தை வைத்துப் பார்த்தேன். காலையில் 7.62 கிராம், நாணயத்தின் சரியான எடை. மாலை வெயில் விழும் ஜன்னலோரம் அரை மணி நேரம் கழித்து 7.66. நாணயத்தை எடுத்தால் வெறும் தட்டே 0.04 காட்டுகிறது. பூஜ்யம்தான் நகர்ந்திருக்கிறது.

தேக்கா பக்கம் எனக்குத் தெரிந்த நகைக்கடை அண்ணன் ஒருவர், செவ்வாய்க்கிழமை 3 மணிக்கு மேல் ராகு காலம், தராசு சரியாக நிற்காது என்பார். அவர் கடை வாசல் மேற்குப் பார்த்தது. புதன்கிழமை அதே நேரம் நிறுத்துப் பாருங்கள் அண்ணே என்று கேட்டுக்கொண்டேன், அன்றைக்கும் நகர்ந்தது. இப்போது வாசலில் திரை போட்டிருக்கிறார். ராகுவைக் குற்றம் சொல்லிவிட்டால் வெயிலைத் தேட மாட்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம். அளவியல், அதாவது துல்லியமாக அளப்பது பற்றிய அறிவியல், அதன் ஆராய்ச்சியையும் இப்படித்தான் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. சிங்கப்பூரில் தேசிய அளவியல் மையம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. செயற்கை நுண்ணறிவுக்குக் கிடைக்கும் கைதட்டலில் ஒரு துளியாவது இதற்கும் கிடைக்க வேண்டும், பணமும்தான்.

டெக்சாஸ்காரருக்குச் சொல்லுங்கள்: மெஷினை ஆன் செய்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும், அதற்குள் அதன் உள்சூடு ஒரு நிலைக்கு வந்துவிடும். ஃபேனும் ஏர்கானும் அதன் மேல் நேராக வீசக் கூடாது. ஏர்கான் அறையில் இருந்து சூடான கராஜுக்குக் கொண்டுபோன உடனே அளக்கவும் கூடாது. அப்புறம், எடை தெரிந்த சோதனைக் கல் ஒன்றைப் பத்துத் தோட்டாவுக்கு ஒரு முறை வைத்துப் பார்க்கட்டும், கல் சரியான எடை காட்டவில்லை என்றால் தராசைப் பூஜ்யமாக்கி, கடைசியாக நிரப்பிய பத்தையும் பிரித்து மறுபடி நிறுக்கட்டும்; பூஜ்யமாக்கிய பிறகும் கல் சரியாகக் காட்டவில்லை என்றால் அன்றைக்கு நிரப்புவதையே நிறுத்திவிடட்டும்.