பீக்கரில் ஒட்டிய சாயம் இயந்திரத்தில் ஏன் திட்டாகிறது?

திருப்பூரில் சாய ஆலை ஒன்றின் உற்பத்திப் பொறுப்பில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதவாக்கில் ஓரிரு கல்லூரி மாணவர்கள், உப்பே சேர்க்காமல் சாயமேற்றிய உள்ளங்கை அளவுத் துணியைக் கொண்டுவந்து, இதை ஆலையில் செய்து பார்க்க முடியுமா என்று கேட்பார்கள். அந்தத் துணியில் நிறம் அடர்த்தியாகவே இருக்கும். அவர்களுடைய உழைப்பிலும் குறை சொல்ல முடியாது.

இந்தக் கேள்வி எங்களுக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பருத்தி இழையும், அதோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் ஒரே வகை மின்னேற்றம், அதாவது எதிர்மின்னேற்றம், கொள்வதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையின் பக்கம் தள்ளுவதற்காகவே உப்பு சேர்க்கிறோம். 300 கிலோ பனியன் துணியை 1:6 என்ற நீர் விகிதத்தில் அடர்நிறத்துக்குப் போட்டால் 1,800 லிட்டர் தண்ணீர் வேண்டும். லிட்டருக்கு 70 கிராம் என்று கணக்கிட்டால் ஒரே லாட்டுக்கு, அதாவது இயந்திரத்தில் ஒருமுறை போடும் துணிக்கு, 126 கிலோ உப்பு ஆகிறது. இந்த உப்பு துணியில் தங்குவதில்லை, அலசும் தண்ணீரோடு வெளியேறிவிடுகிறது. அது நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழேயுள்ள வயல்களையும் என்ன செய்தது என்பதை இந்தப் பகுதியில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, சொட்டு நீரும் வெளியேறாத சுத்திகரிப்பே எங்கள் தொழிலின் நிபந்தனையாகிவிட்டது. சவ்வு வழியே நீரை வடிக்கும் ஆர்.ஓ. பிரித்துத் தள்ளும் உப்புநீரை ஆவியாக்கிக் காய்ச்சுவதில்தான் எங்கள் செலவின் பெரும் சுமை இருக்கிறது.

ஆகவே, பருத்திக்கு நேர்மின் தன்மை ஏற்றி உப்பைத் தவிர்க்கும் ஆய்வு எங்களுக்காகவே நடப்பதுதான். பல பத்தாண்டுகளாக உலகெங்கும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நாங்களும் ஒருமுறை சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் ஒரு லாட் ஓட்டிப் பார்த்தோம். நேர்மின் ஏற்றிய துணி சாயத்தை மிக வேகமாக இழுத்துக்கொள்ளும். பீக்கரில் ஐந்து கிராம் துணி கரைசல் முழுவதிலும் ஒரே சமயத்தில் நனைவதால் இந்த வேகம் தெரிவதில்லை. இயந்திரத்தில் கயிறுபோல் சுற்றிவரும் துணியிலோ, முதலில் சாயத்தைச் சந்தித்த பகுதி அடர்ந்தும் பின்னால் வந்த பகுதி வெளிறியும் போய்விட்டன. அந்த லாட்டைக் கறுப்புக்கு மாற்றித்தான் காப்பாற்றினோம். ஜாப் ஒர்க் செய்யும் ஆலையில் துணி இன்னொருவருடையது. கெட்டுப்போனால் நஷ்டத்தை எங்கள் கணக்கில் பிடிக்கும் டெபிட் நோட் எங்கள் தலையில் விழும். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தத் தோல்வியில் ஆய்வாளருக்குத் தேவையான தகவல் அத்தனையும் இருந்தது. சாயத்தை எந்த வேகத்தில் விட்டோம், துணி ஒரு சுற்று சுற்றிவர எவ்வளவு நேரம் பிடித்தது, வெளுப்புக்குப் பின் துணியில் எவ்வளவு பெராக்சைடு மிஞ்சியிருந்தது, இழையில் ஏறாமல் தண்ணீரிலேயே நின்ற நேர்மின் ரசாயனம் ஆர்.ஓ. சவ்வில் ஒட்டிக்கொள்ளுமா என்ற எங்கள் அச்சம், இவையெல்லாம் சாயமேற்றும் பணியை நடத்தும் டையிங் மாஸ்டரின் நோட்டோடு நின்றுவிட்டன. கல்லூரிக்கு நாங்கள் எதையும் திருப்பிச் சொல்லாததால், அடுத்த ஆண்டு மாணவரும் அதே பீக்கரிலிருந்துதான் தொடங்கினார். இதில் பெரும்பங்கு தவறு தொழில்துறையினராகிய எங்களுடையது என்றே நான் கருதுகிறேன். நிறக்கூட்டு ரகசியம் என்ற பெயரில், ரகசியமே இல்லாதவற்றையும் பூட்டி வைத்திருக்கிறோம். பல்கலைக்கழகத்தின் பக்கமும் ஒரு குறை உண்டு: வெற்றி பெற்ற சோதனைக்கே கட்டுரையிலும் பட்டத்திலும் இடம் கிடைப்பதால், எந்த அளவில் முறை தோற்கிறது என்று தேடிப் பார்க்க மாணவருக்குக் காரணமே இருப்பதில்லை.

ஆவியாக்காமல் உப்புநீரையே சுத்தப்படுத்தித் திரும்பச் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றியது வேறு விதமாக. அதில் சுத்திகரிப்புப் பொறியாளரும் சாயமேற்றுபவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது. கடினத்தன்மையும் எஞ்சிய நிறமும் எவ்வளவு இருந்தால் இளநிறத் துணி மங்கும் என்பதைத் துணியே சொல்ல வேண்டியிருந்தது.

மாணவர் மார்ச்சில் முடிவோடு வருவதற்குப் பதிலாக, தலைப்பு உறுதியாகும் முன்பே ஜூலையில் ஆலைக்கு வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்த பேராசிரியர்களிடம் கேட்டுக்கொண்டேன். பத்து கிலோ சாம்பிள் இயந்திரத்தை வாரத்தில் அரை நாள் அவர்களுக்கு ஒதுக்க எங்கள் நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. இப்போது வந்திருக்கும் இருவரும் இன்னும் சாயத்தைத் தொடவில்லை. வெளுத்து வரும் ஒவ்வொரு லாட்டிலும் துணியின் இரு முனைகளிலிருந்தும் நடுவிலிருந்தும் துண்டு வெட்டி, அது தண்ணீரை உறிஞ்ச எத்தனை நொடி ஆகிறது என்று குறித்து வருகிறார்கள். ஒரே லாட்டுக்குள்ளேயே அந்த மூன்று துண்டுகளும் ஒத்துப்போகாததை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, டையிங் மாஸ்டரிடம் காரணம் கேட்டார்கள். அவரும் தம் பழைய நோட்டைத் திறந்து காட்டினார்.